பள்ளிப் பிள்ளைக்கு முதல் ஆய்வு: எந்த வழியில் இறக்கிவிடலாம்?

ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "பொண்ணுக்கு ஆராய்ச்சின்னா ஆசை. எதுல சேர்த்துவிட்டா நல்லது?" கையில் இரண்டு மூன்று விளம்பரத் தாள்களும் இருக்கும். ஒன்று விண்வெளி முகாம், ஒன்று அறிவியல் கண்காட்சி, இன்னொன்று "உங்கள் குழந்தையின் கட்டுரை சர்வதேச இதழில் வெளிவரும்" என்று உறுதி கொடுக்கும் கட்டணப் பயிற்சி. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். மாவட்ட மாநாடுகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு இன்று எட்டக்கூடிய வழிகள் எவை, யாருக்கு எது பொருந்தும் என்று அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

எந்த வழியானாலும் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்கள். கேள்வி யாருடையது? தரவைப் பிள்ளை தன் கையால் சேர்க்கிறதா? "இது தப்பு, மறுபடி போய்ப் பார்த்துட்டு வா" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா? செலவு, மொழி, நேரம் எல்லாம் அதற்கு அப்புறம். சான்றிதழைக் கடைசியில்தான் பார்ப்பேன். இந்த மூன்றும் இயற்பியலுக்கு எப்படியோ அப்படியேதான் வரலாற்றுக்கும் மொழிக்கும். ஆனால் ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதனால் கலைப் பிரிவு எடுத்த பிள்ளைகளை இந்தப் பேச்சிலேயே யாரும் சேர்ப்பதில்லை. அறிவியல் பிரிவுப் பிள்ளைக்கும் சோதனைக் கூடத்துக்கு வெளியே ஒரு வழி இருப்பது தெரியாமலே போகிறது.

முகாம்களையும் பரிசுத் திட்டங்களையும் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். இஸ்ரோவின் 'யுவிகா' 2019-இல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்தில் தங்கி, அங்கு நடக்கும் வேலையைப் பார்க்கலாம். மத்திய அரசின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில் பள்ளி மாணவரின் யோசனை தேர்வானால் 10,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வரும், அதை வைத்து மாதிரி செய்து காட்ட வேண்டும். இரண்டுமே நல்ல திட்டங்கள், இடம் கிடைத்தால் கட்டாயம் அனுப்புங்கள். விஞ்ஞானி என்பவர் நம்மைப் போல ஒரு ஆள்தான் என்று நேரில் பார்ப்பது பதினான்கு வயதில் பெரிய விஷயம். ஆனால் முதலாவதில் நடப்பது பார்வையிடல், இரண்டாவதில் நடப்பது கண்டுபிடிப்புப் போட்டி. விடை தெரியாத ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது இரண்டிலும் கிடையாது. ஒலிம்பியாட் தேர்வுகளும் அப்படித்தான். மூளைக்கு அருமையான பயிற்சி, ஆனால் தேர்வு வைப்பவர்கள் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்கிறார்கள்.

குழந்தைகள் அறிவியல் மாநாடு

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து நடக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம் இது. தமிழ்நாட்டில் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 10 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, ஒரு வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு, தங்கள் பகுதியில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்ய வேண்டும். வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மையக் கருப்பொருள் அறிவிப்பார்கள். 2014–15-இல் வானிலையும் காலநிலையும், 2022–23-இல் நலவாழ்வுக்காகச் சூழல் அமைப்பைப் புரிந்துகொள்ளுதல். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போகும். அறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம். ஆங்கிலம் வராததால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இங்கே எழுந்து நின்று பேசும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

இதில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கிராமப் பள்ளிக் குழு தங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து கொண்டுவந்தது. கயிற்றில் கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கியிருந்தார்கள். எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று அழகான அட்டவணை. மேட்டுத் தெருக் கிணறுகளில் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது என்பது முடிவு. ஒரு நடுவர் கேட்டார்: "கயிற்றைக் கைப்பிடிச் சுவர் மேலிருந்து அளந்தீங்களா, தரையிலிருந்தா?" பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவர் மேலிருந்துதான் அளந்திருந்தார்கள். சுவரின் உயரமோ கிணற்றுக்குக் கிணறு வேறு. மேட்டுத் தெருவில் புதிதாகக் கட்டிய உயரமான சுவர்கள் அதிகம். அப்படியானால் அந்த வித்தியாசத்தில் எவ்வளவு தண்ணீருடையது, எவ்வளவு சுவருடையது? பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு சுவரையும் அளந்து, அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்தார்கள். வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. எந்தப் பாடப் புத்தகமும் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிக் கொடுத்திருக்காது.

குறைகளும் உண்டு. கருப்பொருள் முன்கூட்டியே வந்துவிடுவதால் பிள்ளையின் சொந்தக் கேள்வியை அதற்குள் அடக்கப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், பள்ளிகள் இதைப் பரிசுப் போட்டியாக நடத்துவது. ஆசிரியரே அறிக்கையை எழுதி, பிள்ளைக்கு மனப்பாடம் செய்து கொடுத்து அனுப்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது சாட்பாட் எழுதிய அறிக்கைகளும் வரத் தொடங்கிவிட்டன. நடுவருக்கு இது சுலபமாகத் தெரிந்துவிடும். அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுக் களக் குறிப்பேட்டைக் கேட்டால் போதும். மழையில் நனைந்து, அடித்தல் திருத்தலோடு, தேதி போட்ட ஒரு நோட்டு வந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய நோட்டு வந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆக, இந்த வழி முழுக்க முழுக்க வழிகாட்டி ஆசிரியரைப் பொறுத்தது. உங்கள் பள்ளியில் சனிக்கிழமை பிள்ளைகளோடு வெளியே கிளம்பிப் போகும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதை எடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் வற்புறுத்தி எந்த ஆசிரியரையும் இதில் இறக்க வேண்டாம்.

பறவையும் மரமும்

ஆசிரியர் கிடைக்காத பிள்ளைக்கு என் முதல் பரிந்துரை, பொதுமக்களே தரவு சேர்த்துக் கொடுக்கும் மக்கள் அறிவியல் திட்டங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் எண்ணி 'இ-பேர்ட்' தளத்தில் பதிவேற்ற வேண்டும். பிப்ரவரியில் பள்ளி, கல்லூரி வளாகங்களுக்கென்று தனிக் கணக்கெடுப்பும் உண்டு. கட்டணம் கிடையாது, சிபாரிசு தேவையில்லை, வீட்டு மொட்டை மாடியே போதும்.

இதெல்லாம் பொழுதுபோக்கு, இதில் ஆய்வு எங்கே என்று கேட்பவர்கள் 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கையைப் பார்க்க வேண்டும். 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த சுமார் 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களின் நிலையை அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கோடிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கும் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சரிபார்க்கும் முறை. அந்த இடத்துக்கும் பருவத்துக்கும் பொருந்தாத பறவையையோ வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையையோ பதிவிட்டால், பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்பார்: படம் இருக்கிறதா, எதை வைத்து இந்த இனம் என்று முடிவு செய்தீர்கள்? வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அலகு மஞ்சளாக இருந்தால் உண்ணிக்கொக்காக இருக்கலாம். அலகும் காலும் கறுத்து, கால்விரல் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது விரல் தெரியாது, பறக்கும்வரை காத்திருக்க வேண்டும். "கொக்கு 12" என்று எழுதிப் பழகிய பிள்ளை "எந்தக் கொக்கு, எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்துவிட்டால், பெரிய இதழ்களில் கட்டுரையை மதிப்பிடுபவர் கேட்கும் கேள்விக்கும் அது பழகிவிட்டது என்றுதான் சொல்வேன். வராத பறவையும் தரவுதான் என்பதும் இங்கேதான் புரியும். பார்த்ததையெல்லாம் விடாமல் எழுதியிருந்தால், எழுதாதது அன்று கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிடித்ததை மட்டும் எழுதினால் அதற்கு வழியில்லை.

பறவையின் பின்னால் ஓடப் பொறுமையில்லாத பிள்ளைக்கு மரம். 'சீசன்வாட்ச்' 2010-இல் தொடங்கிய திட்டம். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை போய் தளிர், முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். பள்ளி வாசலில் நிற்கும் கொன்றையோ புங்கனோ போதும். சித்திரைக்குப் பூக்க வேண்டிய கொன்றை எப்போது பூக்கிறது என்று ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாகச் சேர்த்தால்தான் பருவம் மாறுகிறதா இல்லையா என்று பேசவே முடியும்.

இந்த வழியின் பலவீனம் ஒன்றுதான், கேள்வி பிள்ளையுடையதாக இருப்பதில்லை. வேறு யாரோ வகுத்த முறைக்குத் தரவு சேர்த்துக் கொடுப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு வருடம் விடாமல் குறித்த பிள்ளைக்குக் கேள்வி தானாக வரும் என்பது என் அனுபவம். "வேம்பு பூத்த அப்புறம்தானே குயில் கூவுது, இந்த வருஷம் ஏன் முந்திக்கிச்சு?" என்று ஒரு பையன் கேட்டபோது, அவனை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

கல்வெட்டும் பேச்சும் பழைய காகிதமும்

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் வரலாறு, மொழி போன்ற மானிட ஆய்வுக்கான மூலப்பொருள் பிள்ளையின் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கிடக்கிறது. கோயில் சுவரில் கல்வெட்டு, ஏரி மதகில் எழுத்து, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரங்கள். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் ஒன்று செயல்பட்டு, மாணவர்கள் கல்வெட்டு படிக்கவும் பழைய பானை ஓடுகளை அடையாளம் காணவும் கற்றிருக்கிறார்கள். மீனவர், விவசாயி வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. ஒரு அரசுப் பள்ளியில் முடிந்தது மற்ற பள்ளிகளிலும் முடியும்.

கல்வெட்டில் இறங்கும் பிள்ளைக்கு முதல் வாரம் தலை சுற்றும். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ரகரத்தையும் நெடில் குறியான காலையும் (ா) பிரிக்கச் சொல்லின் பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடுவில் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள், கீழ் வரிகள் தரைத் தளத்துக்குள் போயிருக்கும். சாயங்காலம் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் நிழலோடு எழும்பி வரும். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கி, அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும் முறை பிடிபட்டுவிட்டால் பிறகு வேகம்தான். முதலாம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. 'யாண்டு 20' என்றிருந்தால் அது 1004–05 வாக்கில். இது வெறும் கூட்டல் கணக்கு. ஆனால் சோழ அரசர்கள் பலர் சூடிய 'ராஜகேசரி' என்ற பட்டத்தை மட்டும் போட்டுப் பெயர் சொல்லாத கல்வெட்டில் அது எந்த ராஜகேசரி என்று தீர்மானிப்பதுதான் ஆய்வு. எழுத்தின் வடிவம், ஊர்ப் பெயர், கூடவே வரும் அதிகாரி பெயர் எல்லாவற்றையும் வைத்து வாதாட வேண்டும்.

அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு நான் குறிப்பாகச் சொல்லும் ஒரு வேலை உண்டு. பல கோயில்களின் சுவரிலும் அடித்தளத்திலும் நிலம் அளந்த கோலை வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் குறி, சில இடங்களில் பக்கத்தில் 'பதினாறு சாண் கோல்' போன்ற பெயரும் இருக்கும். டேப் எடுத்துப் போய் அளக்கலாம். குறியின் நடுவிலிருந்து அளப்பதா, விளிம்பிலிருந்தா? மூன்று பேர் அளந்தால் மூன்று விடை வருகிறதே, எதை எழுதுவது? பக்கத்து ஊர்க் கோலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வருகிறது, அது அளவுப் பிழையா, உண்மையிலேயே வேறு கோலா? இயற்பியல் ஆய்வகத்தில் ஒப்புக்குப் போடும் பிழைக் கணக்குக்கு இங்கே உயிர் வந்துவிடுகிறது.

மொழியில் ஆர்வமுள்ள பிள்ளைக்குத் தொழிற்சொற்கள் இருக்கின்றன. கடற்கரைக் குப்பங்களில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்வார்கள். எந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து, எந்த மாதத்தில், அப்போது எந்த மீன் படும் என்று குப்பம் குப்பமாகக் கேட்டு எழுதி, வானிலைத் துறையின் காற்றுத் தரவோடு பொருத்திப் பார்க்கலாம். பேட்டி எடுக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு நெறியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, ஒலிப்பதிவுக்கு அனுமதி வாங்கி, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். சமூக வாழ்க்கையைப் பற்றி எழுத விரும்பும் மாணவர்களுக்கு, 2014 இறுதியில் தொடங்கிய 'பாரி' என்னும் ஊரக இந்திய மக்கள் காப்பகம் தன் கல்விப் பிரிவு மூலம் இடம் கொடுக்கிறது. அனுப்பிய பிரதியைக் கேள்விகளோடு திருப்பி அனுப்பித் திருத்த வைக்கும் ஆசிரியர் குழு இருப்பதால் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இந்த வழியின் சிக்கல்களை மறைக்கக் கூடாது. முதலாவது, திருத்திக் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ கல்வெட்டு படிப்பவரோ ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் போக வேண்டும். தமிழகத் தொல்லியல் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் 'ஆவணம்' இதழைப் புரட்டினால் உங்கள் பகுதியில் யார் வேலை செய்கிறார்கள் என்று பெயரோடு தெரிந்துவிடும். படித்த கல்வெட்டு ஏற்கெனவே பதிப்பிக்கப்பட்டதா என்று பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பழைய அச்சு நூல், இதழ், துண்டறிக்கை என்றால் 1994-இல் தொடங்கி, இப்போது சென்னைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்த சேகரிப்பிலிருந்து வளர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது சிக்கல் ஊர்ப் பெருமை. "எங்க ஊர் இரண்டாயிரம் வருஷத்துப் பழமை", "எங்க வகையறாதான் கட்டினது" என்ற முடிவை வைத்துக்கொண்டு ஆதாரம் தேடப் போனால் பிள்ளை ஆய்வைக் கற்காது, வக்காலத்து வாங்கத்தான் கற்கும். பெரியவர்கள் இதில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, பழம்பொருள் ஏதாவது கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. எடுக்காமல், தோண்டாமல், படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, தாசில்தார் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்ல வேண்டும். எடுத்துவிட்டால் சட்டச் சிக்கல் ஒருபுறம், அந்தப் பொருள் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விடுவது இன்னொருபுறம். இரண்டாவதுதான் ஆய்வுக்குப் பெரிய இழப்பு.

கல்லூரிக்குப் போன பிறகு

ஆய்வகத்தில் பேராசிரியர் ஒருவரின் கீழ் வேலை செய்யும் அனுபவத்தைப் பள்ளியிலேயே வாங்கித் தரப் பல பெற்றோர் துடிக்கிறார்கள். அவசரமில்லை. பதினாறு வயதில் பெரிய ஆய்வகத்துக்குள் போனால் பாத்திரம் கழுவலாம், அல்லது யாரோ செய்வதை ஓரமாக நின்று பார்க்கலாம். இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கு மேல் போனால் நிலைமை வேறு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியின் இந்தியத் தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகியவைதான் அந்த மூன்று. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை செய்ய உதவித்தொகையும் தருகிறார்கள். என்ன செய்ய விரும்புகிறாய் என்று சொந்தமாக எழுதும் பகுதி விண்ணப்பத்தில் முக்கியமானது. பள்ளியில் ஒரு மரத்தை ஒரு வருடம் பார்த்த பிள்ளைக்கு அங்கே எழுத ஒரு விஷயம் இருக்கும். "சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று எழுத வேண்டிய நிலை வராது. கணிதம் படிப்பவர்களுக்கு 1993 முதல் நடக்கும் எம்டிடிஎஸ் (கணிதப் பயிற்சி, திறன் தேடல்) கோடைப் பயிற்சி. அதில் ஆய்வுக் கட்டுரை எதுவும் எழுதுவதில்லை. நான்கு வாரம் 'ஏன்?' என்று கேட்டே பிழிந்தெடுக்கிறார்கள். கணிதத்தில் அதுதான் சரியான முதல் படி என்று நினைக்கிறேன்.

கல்லூரியிலேயே கட்டாயமாக ஒரு இறுதியாண்டு ப்ராஜெக்ட் இருக்கிறதே என்பீர்கள். அதைச் சொன்னால் வருத்தமாக இருக்கிறது. 'ப்ராஜெக்ட் சென்டர்'களில் காசு கொடுத்தால் அச்சிட்டு, பைண்டு செய்து கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வருடப் படிப்பில் சொந்தமாக யோசிக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அப்படிக் கடையில் போகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தக் கட்டத்தில் இருந்தால், எந்த வெளித் திட்டத்தையும் தேடும் முன் அந்த ப்ராஜெக்டை உண்மையாகச் செய்யச் சொல்லுங்கள். வழிகாட்டிப் பேராசிரியருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருக்கும், நான் என்னை வைத்துச் சொல்கிறேன்.

பணம் கட்டிச் சேரும் ஆய்வு

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உதவும் என்று சொல்லி, பெருந்தொகை வாங்கிக்கொண்டு, இணைய வழியில் சில வாரம் வழிகாட்டி, கடைசியில் ஒரு 'வெளியீடு' கையில் கொடுக்கும் திட்டங்கள் பெருகியிருக்கின்றன. இவற்றில் நல்ல வழிகாட்டிகளும் இருக்கலாம். தனியாக உட்கார்ந்து ஒரு ஆய்வு மாணவர் உங்கள் பிள்ளையின் எழுத்தை வரி வரியாகப் படித்தால் அது மதிப்புள்ள விஷயம்தான். ஆனால் வெளியீட்டை முன்கூட்டியே உறுதி கொடுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். நிராகரிக்கும் உரிமை இல்லாத இதழில் வருவதற்கு மதிப்பில்லை. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது தொடர் வெளியீடுகளை அடையாளம் காண ஒதுக்கும் எண், தரச் சான்று இல்லை. சேரும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன வருட மாணவர் ஒருவரின் முதல் பிரதியையும், அதில் வழிகாட்டி எழுதிய திருத்தங்களையும் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா? காட்டினால் மேற்கொண்டு பேசலாம். அந்தப் பணத்தில் நல்ல 8x40 பைனாகுலர் ஒன்றும், பள்ளி மன்றத்துக்கு ஒரு வருடக் களப்பணிச் செலவும் போக மிச்சம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, எதை எடுப்பது?

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் இருந்து, இன்னும் எதில் ஆர்வம் என்று தெரியவில்லை என்றால் மரம், பறவை. ஒரு வருடம் விடாமல் செய்யட்டும். இடையில் விட்டுவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், திட்டாதீர்கள். களத்துக்கு வரும் ஆசிரியர் இருந்தால் குழந்தைகள் அறிவியல் மாநாடு, ஜூலையிலேயே மாவட்ட ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுவிட வேண்டும். கடைசி மாதத்தில் தொடங்கும் ப்ராஜெக்ட் எதுவும் உருப்படுவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் நீட், ஜேஇஇ வகுப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பிள்ளைக்குப் பெரிய திட்டம் எதையும் கொடுக்காதீர்கள். ஒரு தெரு, ஒரு கல்வெட்டு, ஒரு தொழிலின் சொற்கள் போதும். கலைப் பிரிவுப் பிள்ளைக்கும் வரலாறு, தமிழ் இளங்கலை சேர்ந்தவர்களுக்கும் கல்வெட்டையோ வாய்மொழி வரலாற்றையோதான் முதலில் சொல்வேன். இரண்டு மூன்று வருடத்தில் அவர்கள் எழுதுவது உண்மையிலேயே இதுவரை யாருக்கும் தெரியாததாக இருக்க வாய்ப்பு அதிகம். இயற்பியலிலோ வேதியியலிலோ அந்த இடத்துக்கு வர இன்னும் பல வருடம் பிடிக்கும்.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களில் ஒன்று, 2022-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கவுல் என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததிலிருந்து அதன் கதையைத் தொடங்க வேண்டும். பறவையின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. அதை உயிரியலாகவும் படிக்கலாம், ஆவணமாகவும் படிக்கலாம்.

போன மாதம் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் மாணவி ஒருத்தி அம்மாவோடு வந்திருந்தாள். பாட்டி ஊரில் ஒரு ஏரி, மதகுக் கல்லில் ஏதோ எழுத்து இருப்பதாகப் பாட்டி சொல்வாராம், பறவைகளும் வரும். மூன்றையும் செய்ய ஆசை, நேரமோ விடுமுறை நாட்கள் மட்டும். காலண்டரைப் பார்த்தே முடிவு செய்தோம். மார்கழி, தையில் ஏரி நிறைந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும், பொங்கல் விடுமுறையில் கணக்கெடுப்பு. மதகுக் கல் அப்போது தண்ணீருக்குள் கிடக்கும். தேர்வெல்லாம் முடிந்து சித்திரையில் ஏரி வற்றியதும் டார்ச்சோடு போய்ப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். அதுவரை, போன தலைமுறையில் ஏரி எந்தக் கரைவரை நிற்கும், எப்போது நிரம்பும் என்று பாட்டியிடம் கேட்டு, தேதி போட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.